நெவிலின் சீஸ் உருண்டையும் நான் எழுதாத இலக்கமும்

1

இது கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. எங்கள் முதியோர் சங்க ஆண்டு மலருக்கு 'சமநிலை உணவில் சீஸ்' என்று ஒரு பக்கம் எழுதித் தரும்படி கிளினிக்கின் போஷாக்கு உத்தியோகத்தர் யசோதினி கேட்டார். முப்பத்தைந்து வருடம் தபாலதிபராக இருந்தவன் நான். ஊரார் கடிதங்களைச் சுமந்தே முதுகு வளைந்தது. (தபாலதிபர் எதையும் சுமப்பதில்லை. என் முதுகும் நேராகத்தான் இருக்கிறது.) உடனே தொடங்கினேன்:

சீஸில் புரதமும் கல்சியமும் உண்டு. கொழுப்பும் உப்பும் கூடவே உண்டு. ஆகவே நாளொன்றுக்கு நெருப்புப்பெட்டி அளவு துண்டு—

அந்த இடத்தில் என் கூட்டாளி நெவில் கட்டுரைக்குள் நுழைந்துவிட்டான். இனி இது கதை.

2

நெவில் போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கி இனத்தவன், ஓய்வுபெற்ற தச்சன். மகள் றொஷெல் ஒவ்வொரு டிசம்பரிலும் நத்தார்ப் பண்டிகைக்கு மெல்பேர்னிலிருந்து சிவப்பு மெழுகு பூசிய சீஸ் உருண்டை ஒன்று அனுப்புவாள். நத்தாருக்கு முதல் நாள் மாலைவரை அதில் கத்தி படக்கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். அலுமாரி மேல் வீற்றிருக்கும். பிறகு வெட்டி, புறூடர் கேக்குடன் சாப்பிடுவார்கள்.

(கதையின் முதற்பிரதியில் அந்த உருண்டையைக் களப்பு நீரில் மிதக்கவிட்டிருந்தேன். தோணிகள் சுற்றிப் போயின. யசோதினி வெட்டச் சொன்னார்.)

இந்த வருடம் கிளினிக்கில் புருஷனுக்கொரு தீர்ப்பு, மனைவிக்கொரு தீர்ப்பு. மேபலுக்கு எலும்பு தேய்கிறது, பாலும் ஒத்துவராது: சீஸ் சாப்பிட வேண்டும். நெவிலுக்குப் பிறஷர் நூற்றெண்பது: சீஸ் கூடாது. இருபத்தேழாந் திகதி கண்புரை ஒப்பரேசன். பிறஷர் இறங்காவிட்டால் அடுத்த திகதிக்கு ஏழு மாதம் காத்திருக்க வேண்டும். இப்போதே அவன் கோட்டு மாட்டும் தாங்கியை நான் என்று நினைத்து அரை மணித்தியாலம் அரசியல் பேசுகிறான். (பத்து நிமிடம். ஆனால் பேசினான்.)

3

இருபத்துநான்கு மாலை நானும் அங்கே இருந்தேன். மேபல் உருண்டையைத் தூக்கினார். பாரமென்று எண்ணித் தூக்கிய கை தலைக்குமேல் போய்விட்டது.

"நெவில், இதென்ன வெறும் கோதா இருக்கு?"

"எலி திண்டிருக்கும்."

"எலி உளி புடிக்குமா?"

அடியில் அழகான வட்டம். தோண்டியபின் வெட்டிய மூடியையே திரும்ப வைத்து, மெழுகால் பூசி, விரலால் நீவியிருந்தான். ஊரில் இப்படியொரு மூட்டு வேலையை நான் கண்டதில்லை.

"கண் தெரியாத மனிசன் எப்பிடி இவ்வளவு வடிவா வெட்டினீங்க?"

"கைப்பழக்கம், மேபல்."

"முழுசையுமா?"

"ஒரு நாளைக்கு நெருப்புப்பெட்டி அளவுதான். அந்தக் கிளினிக் புள்ள சொன்னதுதானே."

"அது எனக்குச் சொன்னது! நீங்க திண்டது எத்தின பெட்டி?"

"எனக்கெங்க பெட்டி தெரியுது?"

நான் சிரித்தேன். மேபலும் சிரித்தார்.

"என்ட எலும்பத் திண்டுட்டீங்களே, நெவில்."

பிறகு கதிரையில் உட்கார்ந்து அழுதார். "ஏழு மாசம் இந்த மனிசன் எங்கெங்க தடுக்கி விழப்போகுதோ, அண்ணன்." என்னிடம்தான் சொன்னார். நெவில் அதைக் கேட்டான்.

4

மூன்று நாள் உப்பில்லாத சோறு, முருங்கையிலை, தயிர். நத்தார் அன்றும் அதே. நெவில் குறை சொல்லாமல் தின்றான்.

நான் முன்கூட்டியே எழுதிப் பார்த்த முடிவுகள்:

(அ) டொக்டர் திருப்பி அனுப்புகிறார். நெவில் படியில்— (இதன்மேல் கோடு கிழித்துவிட்டேன்.)

(ஆ) பிறஷர் இறங்கிய இறக்கத்தில், ஆள் இருக்கிறாரா என்று தாதி கன்னத்தில் தட்டிப் பார்க்கிறார்.

இன்று இருபத்தேழு. ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இரண்டையும் வாசித்த மேபல் கொப்பியைத் திருப்பித் தந்தார்.

"அண்ணன், நீங்க எதையும் பத்து மடங்கு ஊதுற ஆள். இந்தப் பிறஷர் ஒண்ட மட்டும் குறைச்சுப் போடுங்க. நூற்றி முப்பது எண்டு."

என் வாழ்நாளில் ஓர் இலக்கத்தையும் நான் சிறிதாக்கியதில்லை. எனக்குக் கை வரவில்லை.

உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். நெவிலின் சட்டைக் கையை மேபல் மடித்துவிடுகிறார். பட்டி இறுகுகிறது. மெசின் காட்டுகிறது:

மேல் இலக்கம் ..................

பேனை உங்களிடம். எழுதியதும் சத்தமாக வாசியுங்கள். நெவிலின் கண்ணுக்கு அது தெரியாது; மேபல் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார்.