பின்னோக்கி நீந்தும் சிங்கி

1.

இன்னொண்டு கட்டித் தந்தால் இன்னொருக்கா விழுவியள்.

எமிலியானா இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. மேசை இடுக்கியில் மாட்டியிருந்த வெறும் தூண்டில் முள்ளைப் பார்த்தபடி நினைத்தாள், அவ்வளவுதான். அந்த நினைப்பிலிருந்துதான் இந்தக் கதை எனக்குக் கிடைத்தது. பகேரியா ஊருக்குப் போகும் ரயிலில் தோடம்பழம் உரித்துக்கொண்டே அவளே சொன்னாள். எழுதலாமா என்று கேட்டேன்.

"எழுதுங்கோ அக்கா. ஆனா என்னை நல்லவளாக்கிப் போடாதேங்கோ."

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்: பலேர்மோவின் மலைகளுக்குப் பின்னால், ஏரியின் மேல் பனி மெல்ல—

நிறுத்திவிட்டேன். அந்த ஏரியை நான் பார்த்ததில்லை.

எனக்குத் தெரிந்தது பலேர்மோ நகரத்து லிபெர்த்தா தெருவில் ஒரு சமையலறை மேசை. அந்த வீட்டுக் கிழவர் கயெத்தானோவை எமிலியானா பார்த்துக்கொள்கிறாள். இறகும் நூலும் முயல் மயிரும் கொண்டு முள்ளில் பொய் இரை கட்டி மீன் பிடிப்பவர் அவர். கை நடுங்கத் தொடங்கியபின், அவர் சொல்லச் சொல்ல அவள் கட்டுகிறாள். ட்ரவுட் மீன் ஓடும் மலை ஆறுகளுக்கு இப்போது அவரால் நடக்க முடியாது. மிஞ்சியது ஏரியும் பாஸ் மீனும். பாஸுக்குப் பிடித்தது சுண்டுவிரல் அளவு நன்னீர்ச் சிங்கி இறால்.

[அடிக்குறிப்பில் போயிருக்க வேண்டியது: சிங்கி பயந்தால் பின்னோக்கிப் பாயும், கொடுக்கை எதிரிக்குக் காட்டியபடியே. அதனால் முள்ளின் வளைவில் கொடுக்கு, நூல் கோக்கும் கண்ணில் வால். நானும் இந்தக் கதையைப் பின்பக்கமிருந்துதான் கட்டினேன்.]

3.

சிங்கிக்கு ஈயம் சுற்ற வேண்டும். அடியில் ஊர்ந்தால்தான் பாஸ் நம்பும். ஊர்வது கல்லில் மாட்டும்.

போன வியாழன் மாட்டியது. "தங்கூசி நூலை அறுத்து விடுங்கோ" என்றாள் எமிலியானா, கரையிலிருந்து.

"நீ கட்டினதை விட்டிட்டு வாறதோ?" என்று அவர் தண்ணீரில் இறங்கினார். கால் வழுக்கித் தலை மூழ்கியது. அவள் உடுப்போடு பாய்ந்து இழுத்து வந்தாள். அவருடைய மகள் சோஃபியாவுக்கு இருவரும் சொல்லவில்லை.

(பேசியது இத்தாலியன். அவள் எனக்குச் சொன்ன தமிழிலேயே விடுகிறேன்.)

4.

என் முதல் முடிவில் அவள் கட்டிக் கொடுத்தாள், அவர் பெரிய பாஸ் பிடித்தார். எமிலியானாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"உங்கட கதையிலை அவருக்கு நீந்தத் தெரியுமோ?"

"இல்லை."

"அப்ப என்னெண்டு வீட்டை வாறார்?"

இரண்டாவதில் சோஃபியாவிடம் சொல்லிவிடுகிறாள். "பிறகு மகள் ஏரிக்கு விடமாட்டா, அந்த மனிசன் சன்னலைத்தான் பாத்துக்கொண்டிருக்கும்" என்றாள். அதையும் அழித்தேன்.

மூன்றாவது: வேலை போய்விடும் என்று பயந்து அவள்—

"அதில்லை அக்கா. நான் கட்டினதுக்காக அவர் தண்ணிக்கை இறங்கேக்கை எனக்குச் சந்தோசமா இருந்தது. கொஞ்ச நேரம்தான். அதுதான் பயம்."

இதற்கு என்னிடம் முடிவு இல்லை. வாசிப்பவர்களே, இன்னொரு சிங்கி கட்ட அவளைச் சம்மதிக்க வைக்க முடியுமா பாருங்கள். மேசை இதோ.

5.

"ஒண்டே ஒண்டு, எமிலியானா. நீ கட்டினாத்தான் அது ஊரும்."

"மிதக்கிற பூச்சி கட்டித் தாறன், சிஞ்ஞோரே. கரையிலை நிண்டே போடலாம்."

"அது ட்ரவுட்டுக்கு."

"அப்ப ட்ரவுட் பிடியுங்கோ."

"அந்த ஏரியிலை ட்ரவுட் இல்லை."

"ஓம். தெரியும்."

அவள் இடுக்கியைத் தளர்த்தி, முள்ளை எடுத்து டப்பாவில் போட்டாள்.

"நாளைக்கெண்டாலும்?"

"இல்லை, சிஞ்ஞோரே" என்று சொல்லிக் கோப்பிக்குத் தண்ணீர் வைத்தாள், இருவருக்கும்.