மண்ணெண்ணெய் டின்னில் பதினொரு மரங்கள்

1.

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. வாசிகசாலையில் கழுத்துப்பட்டி கட்டிய ஒரு கனவான், "குட்டை மரம் வளர்க்கிறதெல்லாம் ஓய்வு இருக்கிறவங்க வேலை. தேயிலைத் தோட்டத்துச் சனத்துக்கு எதுக்கு?" என்றார். நான் மேசையில் அறைந்த அறையில் கண்டி வாவியில் அலை எழும்பி, மீன்கள் கரையேறி, திரும்பப் போக வழி கேட்டன. (மேசை ஆடியது உண்மை. மீன்களுக்கு நான் பொறுப்பு.) முப்பத்திரண்டு வருஷம் தபால் கந்தோரில் அடுத்தவர் கடிதங்களுக்கே முத்திரை குத்தியவன்; பென்சன் வாங்கிய பிறகாவது சொந்தமாக நாலு வரி எழுதக்கூடாதா?

2.

முதல் தொடக்கம்: "பனி போர்த்திய மலைகளின் நடுவே, கண்டி மாநகரில்—"

வேண்டாம். பனியில் தொடங்கும் கதைகளில் கடைசிவரை யாரும் வேலை செய்வதில்லை.

இரண்டாம் தொடக்கம்: 1934இல், கட்டுகஸ்தோட்டையில் குடியிருந்த கிளார்க் சுவக்கினுக்கு மரப் பைத்தியம் முற்றியிருந்தது.

சரி, இது ஓடும். ஜப்பான்காரர்கள் பெரிய மரத்தைச் சின்னத் தொட்டியில் அடக்கி வளர்ப்பதை ஒரு பழைய சஞ்சிகையில் பார்த்துவிட்டு, அவர் எட்டு வருஷமாக ஓர் ஆலமரத்தை முழங்கை உயரத்துக்கு மேல் விடாமல் வைத்திருந்தார். வீட்டுக்கு வீடு அப்படி ஒரு மரம் வேண்டும் என்பது அவர் ஆசை. கடை கடையாக ஏறிப் பிரசங்கம் செய்தார். துணிக்கடை சாஹுல் ஹமீது மட்டும் எழுந்து வந்து பார்த்தார். "மரம் நல்லாத்தான் ஈக்குது கிளாக்கரையா. சாப்பாடு குடுக்கிறல்லையா?"

கடைசியில் பூக்கண்காட்சிக் கமிட்டியின் காரியதரிசி ஒரு வாக்குக் கொடுத்தார்: பன்னிரண்டு பேர் ஆளுக்கொரு மரம் கொண்டுவந்தால், குட்டை மரத்துக்கு வருஷாவருஷம் தனிப் பிரிவு. கண்காட்சிக்கு இருந்தது மூன்று மாதம். குட்டை மரத்துக்கோ வருஷக்கணக்கு வேண்டும்.

(காரியதரிசியைக் கெட்டவராக எழுதத்தான் உட்கார்ந்தேன். மீசையை இரண்டு தடவை பெரிதாக்கியும் பார்த்தேன். மனுஷர் சிரித்துக்கொண்டே இருக்கிறார்.)

3.

சுவக்கின் பிறந்து வளர்ந்தது பன்விலவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில். ஞாயிறு பூசை முடிந்ததும் அங்கே போய், சின்ன வயதுக் கூட்டாளி அழகமுத்துவிடம் புலம்பினார். அழகமுத்து தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர்.

"இம்புட்டுத்தானா மச்சான்? தேயிலய அது போக்குல விட்டா மரமா வளந்து வானத்துக்குப் போவும். அம்பது வருசமா இடுப்புக்கு மேல ஏற விட்டோமா? எல்லாம் இந்தக் கத்தி பண்ற வேல."

முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி பாலம்மா நிமிர்ந்தாள்.

"ஆமா, மூணு வருசத்துக்கு ஒருக்கா வெட்டிப்புட்டு மீசைய முறுக்கிக்கிறது. வாரா வாரம் கொழுந்தக் கிள்ளி மட்டமா வச்சது யாரு? ஒங்க கத்தியா?"

சுவக்கின் திறந்த வாயை மூடவில்லை. [இங்கே ஒரு ஈ நுழைந்தது. அடித்துவிட்டேன்.] குட்டை மரத்தை ஊரில் பரப்ப நாயாய் அலைந்தவர், ஒரு மலை முழுக்க அதுவே பிழைப்பாக இருப்பதைப் பிறந்த நாள் முதல் பார்த்தும் காணாதவர்!

புது ரோட்டுக்காகப் பிடுங்கிய கிழட்டுத் தேயிலைத் தூர்களை, விறகுக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லித் தோட்டத்துத் துரை விட்டிருந்தார். அதில் பதினொன்றைப் பதினொரு வீட்டார் மண்ணெண்ணெய் டின்களில் நட்டார்கள். சுவக்கினின் ஆலமரத்தோடு கணக்குப் பன்னிரண்டு. மூன்று மாதத்தில் முறுக்கேறிய தண்டுகளில் துளிர் வந்துவிட்டது. தங்கள் டின்னுக்கு யார் பெயர் என்பதில் மட்டும் அழகமுத்துவுக்கும் பாலம்மாவுக்கும் சண்டை தீரவில்லை.

4.

கண்காட்சியன்று அந்த மரங்களைக் குனிந்து பார்த்த சீமாட்டிகளின் தொப்பிகள் நாற்பது கழன்று விழுந்தன. (சரி, நாலு.) காரியதரிசி ஒரு தண்டைத் தடவி உண்மையாகவே பூரித்துப்போனார். அப்புறம் பெயர்ப்பட்டியலைப் படித்தார். அவர் பேசியது இங்கிலீஷ். பல்லைக் கடித்துக்கொண்டு தமிழாக்கியவன் நான்.

"கூலிகளின் பெயரை இங்கே எப்படி எழுதுவது, சுவக்கின்? இந்தத் தேயிலை, தோட்டத்தின் சொத்து."

"துரை விறகுக்குக் கொடுத்தது, சேர்."

"விறகாக இருந்தவரை அவர்களுடையதுதான்." சிரித்தார். "பதினொன்றையும் நம் அங்கத்தினர் பெயர்களில் எழுதிக் கொடும். இந்த நிமிஷமே பிரிவைத் திறக்கிறேன். அடுத்த வருஷம் கண்டி முழுக்கக் குட்டை மரம்தான். நீர் கேட்டதும் அதுதானே?"

பேனாவையும் அவரே நீட்டினார்.

டின்னுக்குப் பக்கத்தில் நின்ற பாலம்மா எட்டிப் பார்த்தாள். "என்னா அண்ணே எழுதப்போறீக? அவுக பேரா, எம் பேரா?"

5.

முடிவு அ: சுவக்கின் அங்கத்தினர் பெயர்களை எழுதுகிறார். பிரிவு திறக்கிறது. ஜன்னலுக்கு ஜன்னல் குட்டை மரம். பாலம்மா வெறுங்கையோடு பன்விலவுக்கு—

இந்த வாக்கியம் என் கையால் முடியாது.

முடிவு ஆ: பட்டியலைக் கிழித்து வீசுகிறார். நான் எழுந்து நின்று கைதட்டுகிறேன். மரங்கள் வந்த வண்டியிலேயே திரும்புகின்றன. தனிப் பிரிவு என்ற பேச்சே அதன் பிறகு இல்லை. காரியதரிசி சிரித்தபடி ரோஜாப் பக்கம் நகர்கிறார்.

முடிவு இ: மகாவலி பெருகிக் கமிட்டியைக் கூடாரத்தோடு அள்ளிக்கொண்டு போகிறது. (ஒரு பக்கம் எழுதி, மூன்று முறை வாசித்துச் சிரித்துவிட்டுக் கிழித்தேன்.)

இனி என்னால் ஆகாது. வாசிக்கிறவரே, குட்டை மரம் ஊரெல்லாம் பரவ வேண்டுமென்று இவ்வளவு தூரம் நீங்களும்தானே ஆசைப்பட்டு வந்தீர்கள்? நான் எழுந்துகொள்கிறேன். வந்து கதிரையில் உட்காருங்கள், பேனாவைப் பிடியுங்கள்.

பாலம்மா 'அண்ணே' என்றது இப்போது உங்களைத்தான்.