ஜெட்டுக்குப் போட்ட மாலை

கிள்ளானில் தன் லோரிப் பட்டறைக்குள் போர் ஜெட் ஒன்று வந்து நின்றதிலிருந்து இராமலிங்கத்துக்குச் சரியான தூக்கம் இல்லை. காட்சிக்கு வைக்கப் புதுப்பித்துத் தரச் சொல்லி அரும்பொருளகத்துக்காரர்கள் அனுப்பியது அது. பதின்மூன்று வருடம் வடக்கே எல்லையோரம் ரோந்து பறந்தது, ஒருமுறை சக்கரம் இறங்காமல் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு தரையிறங்கியது, யாரையும் சுட்டதில்லை. ஓய்வு கொடுத்த பிறகு ஏதோ ஒரு கொட்டகைக்குப் பின்னால் மழையில் நனைந்து கிடந்தது. விமானப்படையில் இருந்த காலத்தில் அதன் இருக்கையைப் பராமரித்தவர் இராமலிங்கம். அதனால்தான் வேலை அவரைத் தேடி வந்தது.

அந்த இருக்கை லேசுப்பட்டதல்ல. ஆபத்து என்றால் விமானி தலைக்கு மேலிருக்கும் மஞ்சள் கறுப்பு வளையத்தைப் பிடித்து இழுப்பான். அடியிலிருக்கும் காட்ரிஜ் என்ற வெடிமருந்துக் குப்பி வெடித்து ஆளையும் இருக்கையையும் சேர்த்து வெளியே தூக்கி எறியும். தரையில் நிற்கும்போது யாரும் தெரியாமல் இழுத்துவிடக் கூடாதென்று சிவப்பு நாடா கட்டிய இரும்பு ஊசி ஒன்றைச் செருகி வைப்பார்கள். காட்ரிஜை எப்போதோ கழற்றியாகிவிட்டது என்று அனுப்பியவர்கள் வாய்வார்த்தையாகச் சொன்னார்கள். திறந்து பார்த்துவிட வேண்டும் என்று இராமலிங்கம் தினமும் நினைத்தார். மூடியின் திருகாணிகளோ துருப்பிடித்து இறுகிக் கிடந்தன. ஊசிதான் இருக்கிறதே என்று நாளை நாளை என்று தள்ளிப்போட்டார்.

அன்று ஆயுத பூசை. விமானத்தின் வாலில் எண் எழுதும் வேலையைச் செய்த வேலாயுதம், பிரிக்பீல்ட்ஸிலிருந்து கனத்த சாமந்தி மாலையோடு வந்து இறங்கினான். விளம்பரப் பலகை எழுதுகிறவன். இராமலிங்கத்தின் தங்கை லெட்சுமியின் புருஷன். வாய் ஓயாத ஆள். இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே இராமலிங்கம்தான்.

ஸ்பேனர்களுக்குப் பொட்டு வைத்துவிட்டு இராமலிங்கம் நிமிர்ந்தபோது வேலாயுதம் ஏணியேறி விமானி இருக்கையில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தான். மாலையைத் தலைக்கு மேலிருந்த வளையத்தில் மாட்டியிருந்தான். லங்காவிக்கு டிக்கெட் போடவா மச்சான் என்று சிரித்தான். விரலில் ஒட்டிய குங்குமத்தைச் சிவப்புத் துணி ஒன்றில் துடைத்துக்கொண்டிருந்தான். துணியின் நுனியில் ஊசி தொங்கியது.

இராமலிங்கம் ஏணியடிக்கு ஓடினார்.

"அதை எங்கேருந்து எடுத்தீங்க மாப்ள?"

"மேல தொங்குச்சு மச்சான். சாமி கும்புடுற எடத்துல அழுக்குத் துணி எதுக்கு லா?"

சொல்லிக்கொண்டே எழுந்திருக்கப் பார்த்தான். மினி பஸ்ஸில் தொங்கிப் பழகிய கை, பிடிமானத்துக்குத் தானாக மேலே போனது.

"கைய மடியில வைங்க. எந்திரிக்காதீங்க."

இராமலிங்கம் அப்படி ஒரு குரலில் பேசி அவன் கேட்டதில்லை. கையை மடியில் வைத்தான். தலைக்கு மேல் மாலை மெல்ல ஆடியது. கட்டின பூ இவ்வளவு கனக்குமா என்று இராமலிங்கத்துக்கு அன்றுதான் தோன்றியது. ஒவ்வொரு படியாக ஏறினார். லெட்சுமியின் முகம் கண்முன் வந்து வந்து போனது. ஊசியை வாங்கித் துளையில் வைத்தார். மாலையின் கனத்தில் துளை விலகியிருந்ததால் நுழையவில்லை. மாலையை இடது உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு மறுபடி முயன்றார். துரு உரசியது. கடைசியில் உள்ளே போனது.

வேலாயுதத்தைக் கீழே இறக்கிவிட்டு, இனி நாளை என்ற பேச்சே இல்லை என்று திருகாணிகளுக்கு எண்ணெய் விட்டுக் காத்திருந்து, மெதுவாகத் திருப்பி மூடியைக் கழற்றினார். உள்ளே காட்ரிஜின் பித்தளை அடிப்பாகம், நேற்று வைத்ததைப் போல மஞ்சளாக மின்னியது.

கீழே வேலாயுதம் பொரியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டிருந்தான். பழைய இரும்புக்கு இப்படிப் பயப்படலாமா என்று கேலி பேசினான்.

"எனக்குப் பயமே இல்ல மச்சான். நீங்க பாக்காமலா என்னை இதுல வேலைக்கு விடுவீங்க?"

எதுவும் சொல்லாமல் மூடியை மூடிவிட்டால் விஷயம் அதோடு முடிந்துபோகும். ஒரு கணம் அப்படித்தான் நினைத்தார். நினைத்ததற்கே வெட்கமாக இருந்தது.

"மேல வந்து பாருங்க மாப்ள," என்றார். "நான் பாக்கல."

வேலாயுதம் ஏறி எட்டிப் பார்த்தான். அவன் பேசாமல் இருந்து இராமலிங்கம் பார்த்தது அன்றைக்குத்தான்.