எட்டாவது பூங்கா

அம்மாவின் தலைமாட்டுச் சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். சாவு வீட்டில் சுத்தியல் சத்தம் கேட்டதும் உள்ளறையிலிருந்து பெரியம்மா ஓடி வந்தாள்.

"என்னய்யா பண்றீங்க? மனுஷி படுத்திருக்கா, தலைக்கு மேல டொக்கு டொக்குன்னு?"

"ரெண்டே ஆணிம்மா. முடிஞ்சிருச்சு" என்றார் வௌவால் மாமா, வாயில் இன்னொரு ஆணியோடு.

அவர் சொந்தத்தில் மாமா இல்லை. ஆஸ்பத்திரியில் அம்மா எக்ஸ்ரே எடுப்பாள், ஃபிலிம் கழுவுவது இவர். இருபது வருஷம் இருட்டறைக்குள்ளேயே இருந்தவருக்கு அம்மா வைத்த பெயர் அது. எக்ஸ்ரே பார்க்கும் நீளமான விளக்குப் பெட்டியை இன்று யாரிடமும் கேட்காமல் கழற்றி, ஆட்டோவில் போட்டுக் கொண்டுவந்துவிட்டார்.

சுவிட்சைப் போட்டதும் சுவரில் வெள்ளை வெளிச்சம் நிறைந்தது. நோட்டுப் புத்தகப் பக்கம் அளவுள்ள நெகட்டிவ்களை உறையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மாட்டினார். ஏழு தேசியப் பூங்காக்கள், ஏழு ஃபிலிம். அம்மாவின் அத்தனை வருஷ லீவும் அதில்தான் போயிருந்தது. பெட்டி மாதிரி பெரிய கேமராவை முதுகில் தூக்கிக்கொண்டு போவாள். ஒரு பூங்காவுக்கு ஒரே ஒரு ஃபிலிம் என்பது அவள் சட்டம். நாலு நாள் காத்திருந்து, வெளிச்சம் சரியில்லை என்று ஒன்றும் எடுக்காமல் திரும்பி, அடுத்த வருஷம் மறுபடி போன பூங்காவும் அந்த ஏழில் உண்டு.

பெரியம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கிட்டப் போனாள்.

"இது யாரோட நெஞ்சு? விலா எலும்பு இப்படி நெருக்கியடிச்சுக்கிட்டு நிக்குது, பாவம்."

"அது காடும்மா. எல்லாம் மரம்."

யாரோ சிரித்து, சட்டென்று அடக்கிக்கொண்டார்கள்.

கீழ் வரிசையின் கடைசி இடம் காலியாக இருந்தது. வௌவால் மாமா அதை விரலால் தட்டினார். "இது நம்ம குட்டியோட இடம். எங்க அவ?"

சமையலறைக் கதவோரம் நின்றிருந்த மகள் இன்னும் கொஞ்சம் உள்ளே ஒதுங்கினாள்.

"வண்டி வர ரெண்டு மணி நேரம் இருக்கு குட்டி. எட்டாவது பூங்கால எடுத்த அந்த முகட்டு ஃபிலிமைக் கொண்டா. ஆஸ்பத்திரிக்கு ஓடிப் போய்க் கழுவி, ஃபேன்ல காயவெச்சு எடுத்துட்டு வந்துடறேன். எட்டும் இல்லாம உங்கம்மாவை அனுப்ப மாட்டேன்."

கூடத்தில் இருந்த எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள் பார்த்ததில் ஒரு மரியாதை இருந்தது. ஆஸ்பத்திரியில் படுத்திருந்த ஒன்பது நாளும் அம்மா அவர்களிடம் வேறெதுவும் பேசவில்லை. டிரிப் மாற்ற வந்த நர்ஸிடம், தரை துடைக்க வந்தவளிடம், நேற்று பெரிய டாக்டரிடம் கூட, ஆக்சிஜன் மாஸ்க்கைத் தூக்கித் தூக்கிச் சொல்லியிருந்தாள். "முகட்டை எடுத்தது நானில்ல டாக்டர். எனக்கு மூச்சு வாங்குச்சு, கீழயே உக்காந்துட்டேன். ஏறி எடுத்தது என் பொண்ணு. பதினாறு வயசு." வீட்டுக்குப் போய்த் தன் கையால்தான் அதைக் கழுவ வேண்டும் என்றும் சொல்லிவைத்திருந்தாள்.

அந்த ஃபிலிமில் ஒன்றும் இல்லை என்பது இந்த உலகத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும்.

அன்று முகட்டில், கறுப்புத் துணிக்குள் தலையை விட்டபோது கேமராக் கண்ணாடியில் மலை தலைகீழாகத் தொங்கியது. பனி விலகி வெயில் ஒரு கோடாக விழுந்தது. அம்மா சொன்ன அதே வெளிச்சம். ஃபிலிம் இருந்த ஹோல்டரைச் சொருகினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினாள். க்ளிக். பிறகு, ஃபிலிமை மூடும் தகட்டைத் திரும்பச் சொருகக் கை நீட்டினாள். தகடு ஏற்கெனவே அங்கேதான் இருந்தது. அழுத்துவதற்கு முன் உருவ வேண்டிய அதை அவள் உருவவே இல்லை.

அதற்குள் முகட்டைப் பனி மூடிவிட்டது. நேரம் முடிந்ததென்று வனக்காவலர் விசில் ஊதினார். முழங்காலைத் தேய்த்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்திருந்த அப்பா, "முடிஞ்சுதா தாயே?" என்றார்.

"முடிஞ்சுதுப்பா."

தகட்டின் வெள்ளை விளிம்பு வெளியே தெரிந்தால் எடுக்காத ஃபிலிம், கறுப்பு தெரிந்தால் எடுத்தது. ஹோல்டர் கேமராவுக்குள் இருக்கும்போதே அவள் தகட்டை உருவி, கறுப்புப் பக்கம் தெரியும்படி திருப்பிச் சொருகினாள். மறந்ததை அம்மா மன்னித்திருப்பாள். இந்தத் திருப்பலை?

கீழே அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "வெளிச்சம் விழுந்துச்சா?"

"விழுந்துச்சும்மா."

அது ஒன்றுதான் உண்மை.

கட்டிலடியிலிருந்து ஹோல்டரை எடுத்துவந்தாள். வௌவால் மாமா கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

"இதைக் கழுவாதீங்க மாமா."

"ஏம்மா? பயப்படாத. என் கையில இதுவரைக்கும் ஒரு ஃபிலிம் கெட்டதில்ல."

"இதுல ஒண்ணும் இல்ல." அவர் நீட்டிய கை அப்படியே இருந்தது. மறுபடி சொன்னாள். "ஒண்ணுமே இல்ல மாமா. நான் தகட்டை உருவல. மூடியிருக்கும்போதே அழுத்திட்டேன். அப்புறம் கறுப்பைத் திருப்பி வெச்சு அம்மாவை ஏமாத்திட்டேன்."



"அடிப் பாவி" என்றாள் பெரியம்மா. "அவ ஊரெல்லாம் பெருமையடிச்சுட்டுப் போனாளே, அத்தனையும் பொய்யா?"

வௌவால் மாமா ஹோல்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். "தகட்டை உருவவே இல்லையா?"

"இல்ல."

"அப்போ வெளிச்சமே படல."

"ம்."

"படலன்னா அது எடுத்த ஃபிலிம் இல்லடி பைத்தியம். எடுக்காத ஃபிலிம்." அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "உங்கம்மா இருட்டுல போட்டு வெச்சாளே, அப்படியே இருக்கு. நல்லவேளை சொன்ன. மருந்துல முக்கித் தொலைச்சிருப்பேன்."

அவளுக்கு அது இப்போதுதான் உறைத்தது. பத்து நாளாக ஹோல்டரைப் பார்க்கவே பயந்து கட்டிலடியில் தள்ளி வைத்திருந்தவள், அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

அம்மாவின் கால்மாட்டில் நாற்காலியில் இருந்த அப்பா தலையை நிமிர்த்தினார். பெரியம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

"பொய்யில்ல அண்ணி. பொண்ணு எடுக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே இவ சொல்லிட்டா. அவ்வளவுதான்."

பிறகு மகளிடம் திரும்பினார். "அப்போ மறுபடி ஏறணும். இல்ல?"

"ஆமாப்பா."

அப்பா அம்மாவின் முகத்தைப் பார்த்தார். "கேட்டியா? போன தடவையே என் முட்டி ரெண்டும் ராஜினாமா பண்ணிடுச்சு. உன் பொண்ணு விடற மாதிரி இல்ல."

"உள்ள போய்த் தகட்டைச் சரியாத் திருப்பி வை" என்றார் வௌவால் மாமா. "நானும் வரட்டுமா?"

"வேணாம் மாமா. நானே."

குளியலறைக் கதவிடுக்கைத் துண்டால் அடைத்து, விளக்கை அணைத்தாள். ஒன்றுமே தெரியாத அந்த இருட்டில் தகட்டை உருவித் திருப்பினாள். வெள்ளை விளிம்பில் மட்டும் விரலுக்குத் தெரியும்படி சின்னப் புள்ளிகள் புடைத்திருக்கும். அவற்றை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். அங்கேதான் முதல்முறையாக அழுதாள். யாரோ கதவைத் தட்டி, "அவசரம்மா" என்றார்கள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

டிரிப் மாற்றும் நர்ஸ் டியூட்டி முடிந்து நேராக வந்திருந்தாள். ஏழு படங்களையும் பார்த்துவிட்டுக் காலி இடத்துக்கு நேரே நின்றாள்.

"இதுதானே அந்த முகட்டுப் படம்? எங்க காணோம்?"

பெரியம்மா வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள்.

"இன்னும் எடுக்கலக்கா. நான்தான் எடுக்கணும்."

நாலு மணிக்கு வண்டி வந்தது. ஆறு பேர் தூக்கினார்கள். வாசல் முழுக்கச் செருப்புகள். அப்பா படியில் உட்கார்ந்து, மற்றதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, மூலையில் கிடந்த தன் மலையேறும் ஷூவை எடுத்தார். முகட்டின் செம்மண் அதில் காய்ந்து ஒட்டியிருந்தது. அவர் நிதானமாக லேஸை இழுத்து, இரண்டு முடிச்சாகப் போட்டுக்கொண்டு எழுந்தார்.