துப்பாக்கி துடைக்கும்போது

"இன்னொரு ஹாமா?" என்றாள் ரோவெனா. குளிர்பெட்டிக் கதவை முழங்காலால் முட்டுக்கொடுத்துக்கொண்டு, உள்ளே இருந்த பன்றித்தொடைகளை நெருக்கித் தள்ளிப் புதியதற்கு இடம் பண்ணினாள். அப்பாவைப் புதைத்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கல்லறையிலிருந்து ஜனங்கள் நேராக வீட்டுக்கு வந்திருந்தார்கள். ஆளுக்கொரு பாத்திரம், பாத்திரத்தின் அடியில் டேப் ஒட்டி எழுதிய பெயர். துக்கம் முடிந்தால் பாத்திரம் வீடு திரும்ப வேண்டுமே.

"சாயங்காலத்துக்குள்ள காலி பண்ணிருவாங்க, வையி," என்றாள் பக்கத்து வீட்டு நெட்டி. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "துப்பாக்கியத் துடைச்சிட்டு இருந்தப்பவாம்ல. உங்கப்பா வெர்லின் எவ்வளவு கவனமான மனுசன்."

"ஆமா. ரொம்பக் கவனமான மனுசன்."

மூன்று நாளாக இதே வாக்கியம். போதகர் ஜெபத்தில் சொன்னார், சவப்பெட்டிக் கடைக்காரர் சொன்னார், பூ கொண்டுவந்தவன் சொன்னான். இந்த மலை இடுக்கில் அதற்குமேல் யாரும் கேட்பதில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டிய கிளைட், துப்பாக்கி துடைக்கும்போது போனார். சுரங்கத்தை மூடிய வருஷம் இன்னும் இரண்டு பேர் துடைக்கும்போது போனார்கள். ரோவெனாவோடு படித்த ஒருத்தன், சொந்தச் செருப்பைக்கூடத் துடைக்காதவன், அவனும் அப்படித்தான் போனான். நாட்டிலேயே சுத்தமான துப்பாக்கிகள் இந்த ஊரில்தான் இருக்க வேண்டும்.

அந்தக் குடும்பத்தில் கல்லூரியை முடித்த முதல் ஆள் அவள். நகரத்தில் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பளிச்சென்று தெரிகிற தண்ணீரைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்று அங்கே கற்றிருந்தாள்.

முன்னறையில் பெரியப்பா ஆர்வில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். தட்டில் பீன்ஸும் சோள ரொட்டியும் குவிந்திருந்தன.

"அமெரிக்கால துப்பாக்கிக்கா பஞ்சம்? கெர்வானாம். எவனாவது கேள்விப்பட்டிருக்கீங்களா? துருக்கில எவனோ கொட்டகையில உக்காந்து செஞ்ச சாமான். நான் கையாலகூடத் தொட மாட்டேன்னு அவன்கிட்டயே சொன்னேன். விசை சரியில்ல, வேறென்ன. கம்பெனிய நான் சும்மா விடப்போறதில்ல."

"அப்பாவுக்கு அது பிடிச்சிருந்துச்சு, பெரியப்பா," என்றாள் ரோவெனா.

"உனக்கு எப்படித் தெரியும்? கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் வர்றவ நீ. காலேஜுல துப்பாக்கிப் பாடமும் இருந்துச்சோ?"

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அவள் துணி துவைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அப்பாவின் போனை எடுத்தாள்.

அவளுக்குத் தெரிந்தது காலையில்தான். துப்பாக்கி வைத்திருப்பவர்கள் கூடிப் பேசும் ஓர் இணையதளம். அதில் அந்தக் கெர்வான் கைத்துப்பாக்கியைப் பற்றி அப்பா எழுதியிருந்தார். வாரத்துக்கு ஒருமுறை போனில் "மழையா அங்க?" என்பதற்குமேல் பேசாத மனிதர், முகம் தெரியாதவர்களுக்குப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்.

முதல் ஐம்பது குண்டுகளுக்குப் பிறகு: "பேர் தெரியாத கம்பெனி. விலை மலிவு. அதனால் சந்தேகத்தோடுதான் வாங்கினேன். பிடி என் கைக்குச் சற்றுப் பெரிது. ஒரு தடவை தோட்டா சிக்கியது. தப்பு துப்பாக்கியுடையதா என்னுடையதா என்று இன்னும் சொல்ல முடியாது. மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு நாற்காலியில் உட்கார்ந்து சுடுகிறவன் சொல்வதை முழுசாக நம்பாதீர்கள்."

முந்நூறுக்குப் பிறகு: "சிக்கல் இல்லை. முன்பு சிக்கியது என் தப்பு." கீழே ஒருவன், துடைப்பதற்காகப் பிரிப்பது எப்படி, விசையை அழுத்த வேண்டுமா என்று கேட்டிருந்தான். அப்பா பதில் எழுதியிருந்தார்: "வேண்டாம். சில துப்பாக்கிகளை விசையை ஒரு தடவை அழுத்தினால்தான் பிரிக்க முடியும். உள்ளே ஒரு தோட்டாவை மறந்துவிட்டால் தீர்ந்தது கதை. இதில் ஒரு நெம்புகோலைத் திருப்பினால் போதும், மேல்பாகம் கழன்று வரும். விசைப் பக்கம் விரல் போகவே வேண்டியதில்லை. இதைத் துடைக்கும்போது யாரும் சாக முடியாது. வடிவமைத்தவன் எங்கள் ஊருக்கு வந்திருப்பான் போல."

அதற்குக் கீழே ஏழெட்டுப் பேர் சிரித்திருந்தார்கள்.

ஐந்நூறுக்குப் பிறகு எழுதியது போன ஞாயிற்றுக்கிழமை: "ஒரு குறையும் இல்லை. இந்தக் கம்பெனியைச் சந்தேகப்பட்டது தவறு. இனி எழுத ஒன்றுமில்லை." யாரோ ஓர் ஆள் கேட்டிருந்தான்: "ஆயிரம் முடிஞ்சதும் மறக்காம எழுதுங்க அண்ணே." அதற்குப் பதில் இல்லை. புதன்கிழமை மத்தியானம் அம்மா வீட்டில் இருக்கையில், அப்பா கார் ஷெட்டில் 'துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தார்'.

ரோவெனா வாசலுக்கு வந்தாள். ஹாஸ்கெல் தன் வண்டியில் சாய்ந்து நின்றிருந்தார். ஊர்க் காவலைப் பார்க்கும் துணை ஷெரிஃப். அப்பாவுக்கு முப்பது வருஷ வேட்டைக் கூட்டாளி. புதன்கிழமை முதலில் வந்தவரும் அவர்தான்.

"அறிக்கையில என்ன எழுதினீங்க?"

"பார்த்தத எழுதினேன்."

"என்ன பார்த்தீங்க?"

"மேசைல குழல் துடைக்கிற கம்பி இருந்துச்சு, பிரஷ் இருந்துச்சு. எண்ணெ. துணி."

"அந்தத் துப்பாக்கிய நீங்க பிரிச்சிருக்கீங்களா?"

ஹாஸ்கெல் மென்றுகொண்டிருந்த புகையிலையைக் காகிதக் கப்பில் துப்பினார். "பிரிச்சிருக்கேன்."

"அதுக்கு விசைய அழுத்தணுமா?"

அவர் கப்புக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னைக்கு உங்கம்மா எனக்குக் காப்பி போட்டுக் குடுத்தா, ரோ. கை நடுங்கல. சர்க்கரை எத்தனைன்னு கேட்டா. முப்பது வருசமா எனக்குக் காப்பி போடுறவ."

"இது பதில் இல்ல."

"இல்லதான்." கப்பை வண்டியின் மேல் வைத்தார். "துப்பாக்கிய ஸ்டேஷனுக்குக் கொண்டு போனோம், தரையை நாங்க கழுவி விட்டோம். மேசையையும் ஒதுக்கிடுறேன்னு சொன்னேன். உங்கம்மா விடல. அப்படியே இருக்கட்டும், வர்றவங்க பார்க்கட்டும்னா. இப்ப ஆர்வில் பார்க்கணும்னு நிக்கிறான். நான் என்னத்தச் சொல்ல? அவனுக்குத் துப்பாக்கி தெரியும்."

ஆகக்கூடி, எல்லாருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே ஹாம் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அத்தனை பேர் நடுவிலும் அதைச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தாள். அப்பா அந்தப் புதன்கிழமை எதையும் துடைக்கவில்லை. வாழ்நாளில் அவர் நேர்மையாக எழுதிய ஒரே விஷயம் அந்தத் துப்பாக்கி, அதன் தலையிலேயே பழியைப் போடுகிறீர்கள் என்று.

அவள் உள்ளே வந்தபோது பெரியப்பா அம்மாவிடம் சாவி கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா ஓபல் தன் ஏப்ரன் பையிலிருந்து உடனே எடுத்து நீட்டினாள். கொஞ்சம் அதிகமாகவே உடனே.

"போய்ப் பாருங்க, ஆர்வில். எல்லாம் வச்சது வச்சபடி இருக்கு."

"நான் திறக்கிறேன்," என்று ரோவெனா சாவியை வாங்கிக்கொண்டாள். அம்மாவின் கண்ணை உற்றுப் பார்த்தாள். அம்மா மேசைத் துணியின் சுருக்கத்தை நீவிவிட்டாள்.

"போ, இத முடிச்சிட்டு வர்றேன்," என்றார் பெரியப்பா, தட்டைக் காட்டி.

ஷெட்டில் பிளீச்சிங் நெடி. தரை, தரையின் நிறத்தில் இல்லாமல் வெளுத்துக் கிடந்தது. அவள் அதைச் சுற்றிக்கொண்டு மேசைக்குப் போனாள்.

எண்ணெய்ப் புட்டியின் மூடி இறுக்கமாக இருந்தது. பழைய துணி மூன்றாக மடித்து, ஓரம் ஓரத்தோடு சேர வைத்திருந்தது. சமையலறைத் துண்டுகளை அம்மா மடிப்பதும் அப்படித்தான். துணிக்குப் பக்கத்தில் கம்பி. கம்பியின் நுனியில் பித்தளைப் பிரஷ்.

கட்டைவிரல் பருமன் பிரஷ்.

அது ரெட்டைக்குழல் துப்பாக்கிக்கு உரியது. வான்கோழி வேட்டை முடிந்து வந்தால் அப்பா கையை நீட்டுவார், ஐந்து வயது ரோவெனா பெட்டியிலிருந்து அதை எடுத்துக் கொடுப்பாள். ஒன்பது மில்லிமீட்டர் கைத்துப்பாக்கியின் குழலுக்குள் அது நுழையவே நுழையாது. இந்த ஊரில் பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும். ஹாஸ்கெல் கதவைத் திறந்ததுமே பார்த்திருப்பார்.

அம்மாவுக்குத்தான் தெரியாது. வீட்டுக்குள் துப்பாக்கி வந்தால் அவள் அடுத்த அறைக்குப் போய்விடுவாள். அந்த அம்மா இங்கே நின்றிருக்கிறாள். போன் பண்ணுவதற்கு முன்போ, பண்ணிய பிறகோ. கிடந்த அப்பாவைத் தாண்டி இந்த அலமாரி வரைக்கும் வந்து, பெட்டியைத் திறந்து, கைக்கு வந்ததை எடுத்து மாட்டி, துணியை மடித்து வைத்திருக்கிறாள். பிறகு கை கழுவிவிட்டுக் காப்பி போட்டிருக்கிறாள்.

வெளியே சரளைக்கல்லில் செருப்புச் சத்தம் கேட்டது. பெரியப்பாவின் இருமலும்.

ரோவெனா சொல்ல வேண்டியதை வாய்க்குள் அடுக்கி வைத்திருந்தாள். ஆனால் கை பெட்டியைத் திறந்தது. ஒவ்வொரு பிரஷுக்கும் ஒரு குழி, ஒவ்வொரு குழிக்கும் அப்பாவின் கையெழுத்தில் ஒரு சீட்டு. தடித்த பிரஷ் திருகு இறுகியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு திருகினாள். கழன்றது. மெல்லிய பிரஷை எடுத்து மாட்டினாள். புட்டி மூடியைத் திறந்து வைத்தாள். துணியின் மடிப்பைக் கலைத்து, ஒரு மூலையில் எண்ணெயைத் தொட்டு வைத்தாள். தடித்த பிரஷ் உள்ளங்கைக்குள் இருந்தது. கறுப்பு உடையில் பை இல்லை.

பெரியப்பா வாசற்படியிலேயே நின்றார். பிறகு அவரும் அந்த வெளுத்த இடத்தைச் சுற்றிக்கொண்டு வந்தார். கம்பியை எடுத்து, நுனியை வெளிச்சத்தில் பிடித்து, பிரஷைக் கட்டைவிரலால் தடவினார்.

"ஒம்போது மில்லி," என்றார். தோள்கள் இறங்கின. அவரும் பயந்துகொண்டுதான் வந்திருக்கிறார் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. "துடைச்சிட்டுதான் இருந்திருக்கான்."

"ஆமா, பெரியப்பா."

"நான் அப்பவே சொன்னேன். மட்டமான சாமான்னு."

போன் வீட்டுக்குள், அவள் கைப்பையில் இருந்தது. ஐந்நூறு குண்டு, ஒரு குறையும் இல்லை.

"ஆமா," என்றாள். "மட்டமான சாமான்."

சமையலறையில் கூட்டம் குறைந்திருந்தது. அம்மா கழுவு தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றாள். ரோவெனா சாவியை ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

"பார்த்தாரா?"

"பார்த்தாரு."

"என்ன சொன்னாரு?"

"துடைச்சிட்டு இருந்தாருன்னு சொன்னாரு."

அம்மா தலையாட்டினாள். பிறகுதான் மகளின் மூடிய கையைப் பார்த்தாள். "கையில என்ன?"

ரோவெனா விரித்தாள். உள்ளங்கை முழுக்கப் பித்தளை முள் குத்திய சிவப்புப் புள்ளிகள். அம்மா அந்தப் பிரஷை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள், எதற்கு உரியது என்று தெரியாத பொருளைப் பார்ப்பதுபோல. ஜன்னல் வழியே ஷெட்டைப் பார்த்தாள். மறுபடியும் பிரஷைப் பார்த்தாள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

கரண்டிகள் கிடக்கும் இழுப்பறையைத் திறந்து, மரக்கரண்டிகளுக்கு அடியில் அதைச் செருகினாள். இழுப்பறை முழுசாக மூடவில்லை. இடுப்பால் ஒரு தள்ளு தள்ளினாள்.

"இந்தப் பாத்திரம் யாரோடது, பாரு," என்றாள்.

ரோவெனா ஈரப் பாத்திரத்தைக் கவிழ்த்து, டேப்பில் இருந்த பெயரைப் படித்தாள்.