பூனைக்கண்ணில் பாதிப் பங்கு

…ஆக மகளின் அந்தப் பூனைக்கண்ணில் பாதி தன்னுடையது, சரிபாதி, டாக்டரே வாய்விட்டுச் சொன்ன பிறகு இனி எவன் பேசுவான், எவள் பேசுவாள் என்று மார்பை முன்னே அனுப்பிவிட்டுப் பின்னால் நடந்தார் கலர்க்காரர். பெயிண்டுக் கடையில் பதினெட்டு வருஷமாக நிறம் கலக்குகிறவர், அதனால் தெரு வைத்த பெயர் அது, பழைய சுவரைச் சுரண்டி நகத்தளவு தூள் கொடுத்தால் போதும், அதே நிறத்தை டப்பாவில் இறக்கிவிடுவார், தன் கண்மேல் அவருக்கே கொஞ்சம் காதல் உண்டு… அந்தக் கண்தானே வம்பை இழுத்துவந்தது? ஏழு மாதத்தில் மகளின் கண் தேனாக வெளுத்து, வெயிலில் லேசாகப் பச்சையும் காட்டியபோது என்ன நினைத்தார்? தனக்குக் கருவிழி, மனைவிக்கும் கருவிழி, கறுப்பும் கறுப்பும் சேர்ந்தால் எத்தனை குலுக்கினாலும் பச்சை வராதே என்றுதானே… தொழில் புத்தி. அக்கா வேறு தொட்டிலில் குனிந்து, "நம்ம பக்கம் யாருக்கும் இப்படிக் கண்ணு இல்லையேடா தம்பி" என்றாள், சொன்னது தொட்டிலிடம், போய் விழுந்தது சமையலறையில். அவர் என்ன செய்தார்? செய்தித்தாளைப் புரட்டினார், அதுவும் ஏற்கெனவே படித்த பக்கத்தை.

கண் டாக்டர் சிரித்துவிட்டார். இது பெயிண்டு இல்லையாம், கலந்து கரைந்துபோக. கண் நிறத்துக்கு ஆளுக்கு இரண்டு சீட்டு, அப்பா தந்தது ஒன்று, அம்மா தந்தது ஒன்று, கறுப்புச் சீட்டு வாயாடி, ஒன்றே ஒன்று இருந்தாலும் அதன் பேச்சுதான் எடுபடும், வெளிர்ச் சீட்டு வாயில்லாப்பூச்சி, தலைமுறை தலைமுறையாக ஒளிந்து கிடக்கும், ஆனால் அழியாது, பெற்றவர்கள் இரண்டு பேருமே அதை எடுத்துக் கொடுத்தால்தான் பிள்ளையிடம் தலைகாட்டும், நாலில் ஒரு வாய்ப்பு… கண் விஷயம் இதைவிடச் சிக்கல், இது சுமாரான கணக்கு என்றும் சொன்னார், அது மட்டும் இவர் காதில் ஏறவில்லை. தன்னிடம் அதை ஒளித்துக் கொடுத்தது யார், அப்பாவா, அம்மாவா? முன்பின் பார்த்திராத முப்பாட்டன்கள்கூடத் திடீரென்று பெரிய மனிதர்களாகிவிட்டார்கள். மருந்துக்கடைக்காரரை நிறுத்திச் சொன்னார், தையல்காரர் ஊசியில் நூல் கோக்கும்வரை காத்திருந்து சொன்னார், அக்காவுக்குப் போன் போட்டு, "நம்ம சொத்துதான்க்கா" என்றார், அக்கா, "நான் அப்பவே நெனச்சேன்" என்றாள், அவளுக்கென்ன, நாக்கு இரண்டு பக்கமும் புரளும்.

வீட்டில் மனைவி குழந்தையை மடியில் போட்டு நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் இவர் ஆரம்பித்தார், சீட்டு, வாயாடி, வாயில்லாப்பூச்சி, உன் பாதி, என் பாதி, எல்லாவற்றையும் தானே கண்டுபிடித்ததுபோல… அவள் சுண்டுவிரல்வரை வெட்டி முடித்தாள், நகத்துணுக்கை ஊதிவிட்டாள், நிமிரவில்லை.

"டாக்டர்கிட்ட எதுக்குங்க போனீங்க?"

பதிலா இல்லை? குழந்தையின் கண்ணில் ஏதும் கோளாறோ என்று கேட்கத்தான்… என்று வாயைத் திறந்தவர் செருப்பைக் கழற்றக் குனிந்தார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகவில்லையே. ஏன் தூக்கிக்கொண்டு போகவில்லை? அவள் அடுத்த கையை மெல்லப் பிரித்தாள். தெரிந்துதான் கேட்கிறாள்… எத்தனை நாளாகத் தெரியும்?