சட்டைப் பையில் குக்கர் வெயிட்

ரேடியோ ஸ்டேஷனில் எனக்கு என்ன வேலை என்று கேட்டால், சத்தத்தை நிறுத்துகிற வேலை. சேர்த்தது வாட்ச்மேன் என்றுதான். மல்காஜ்கிரியில் பழைய அபார்ட்மெண்ட் ஒன்றின் கீழ்வீட்டில் ஸ்டேஷன் நடக்கிறது. சுவரில் ஸ்பாஞ்சை ஒட்டி, ஜன்னலுக்குப் பிளைவுட் அடித்து, ஸ்டுடியோ என்று பேர் வைத்திருக்கிறார்கள். பேர்தான். தெருவில் யார் தும்மினாலும் உள்ளே கேட்கும்.

அதனால் ரெக்கார்டிங் என்றால் முதலில் ஏசியை அணைப்பேன். வெங்காய வண்டிக்காரனை அடுத்த தெருவுக்கு விரட்டுவேன். நாய்க்கு பிஸ்கட் போட்டு மூலைக்குக் கூட்டிப் போவேன். ரயில் வந்தால் மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் கலாசியாக இருந்து ரிட்டையர் ஆனவன் நான், ரயிலைத் திட்ட எனக்கு வாய் வராது. அது போகிறவரைக்கும் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

ரயிலைவிடப் பெரிய தொல்லை மாடிவீட்டு ரமணி மாமியின் குக்கர். ஸ்டுடியோவுக்கு நேர் மேலே அவர்கள் சமையலறை. விசில் அடித்தால் மைக்கிலேயே வந்து விழும். அரைமணி நேரம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றால் "சரி, சரி" என்பார்கள். நான் யாருடைய சரியையும் நம்புகிறவன் இல்லை. மாடியேறிப் போய், குக்கர் வெயிட்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிடுவேன். ரெக்கார்டிங் முடிந்ததும் திருப்பிக் கொடுப்பேன்.

"அருணாசலம், ஒரு நாள் உம்மைப் போலீஸ்ல பிடிச்சுக் குடுக்கப் போறேன், பாரும்" என்பார்கள் மாமி.

"குடும்மா. ஸ்டேஷன் மாறுனா எனக்கும் ஒரு சேஞ்சு."

சனிக்கிழமை பதினோரு மணிக்குத் தமிழ் நிகழ்ச்சி. அதை நடத்துகிறவள் எலிசபெத். என்னோடு வேலை பார்த்த ஃபிட்டர் ஒருத்தரின் மகள். வாரம் முழுக்க ஒரு பல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கிற வேலை. வாயைப் பொத்திக்கொண்டு வருகிறவர்களையே பார்த்துப் பார்த்து, சனிக்கிழமை அரைமணி நேரம் வாய் திறந்து பேசுவாள். அந்த அரைமணியில் அவள் முகமே வேறு மாதிரி இருக்கும். பழைய பாட்டு போடுவாள், ரயில்வே காலனிக் கதை சொல்லுவாள், நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கேட்பது யார்? என் பேரனிடம் தமிழில் ஏதாவது கேட்டால் தெலுங்கில் பதில் சொல்கிறான். இந்தத் தெலுங்கு ஊரில் தமிழ் ரேடியோவைத் திருப்பிவைத்துக்கொண்டு எவன் உட்கார்ந்திருப்பான்?

அவளிடமே சொல்லியிருக்கிறேன். "செவுத்துக்கிட்ட பேசிக்கினு கீற எலிசபெத்."

"செவுரு நல்லாதான் கேக்குது அங்கிள். உங்கள மாதிரி குறுக்க பேசறதில்ல."

ஸ்டேஷனைப் பார்த்துக்கொள்கிற ரஞ்சன், கச்சிபௌலியில் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்த பையன். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. பேச்சில் இந்த ஊர் ஹிந்தி கலக்கும்: எதுக்கு என்பதற்குக் கைக்கு, வேண்டாம் என்பதற்கு நக்கோ, ஆமாம் என்பதற்கு ஹவ். கெட்டவன் இல்லை. ஆனால் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டு பேசுகிறவனை நான் நம்புவதில்லை. போன மழைக்காலத்தில் ஒரு நாள் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டே எலிசபெத்திடம் சொன்னான்.

"காசு குடுக்கற டிரஸ்ட்ல கேக்கறாங்கக்கா, தமிழ் கைக்குன்னு. கேக்கறவங்க இருக்காங்கன்னு நான் எப்படிக் காட்டறது? இந்த சனிக்கிழம ரெக்கார்டிங் நக்கோ. லைவ் பண்ணுங்க. போன் நம்பர் சொல்லுங்க. கால் வந்தா புரோகிராம் இருக்கும். வரலன்னா அடுத்த வாரத்துலேர்ந்து அந்த டைம்ல ஹிந்தி பாட்டு."

எலிசபெத் தலையாட்டினாள். வெளியே வந்து செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு வாசல் கேட் வரைக்கும் நடந்து போனாள்.

அந்தச் சனிக்கிழமை நான் வேலை பார்த்த மாதிரி என்றைக்கும் பார்த்ததில்லை. நாய்க்கு முழு பிஸ்கட் பாக்கெட். எதிர்வீட்டில் கட்டட வேலை, மேஸ்திரியை டீக்கடைக்குக் கூட்டிப் போய் உட்காரவைத்துவிட்டு வந்தேன். குக்கர் வெயிட் பையில் பத்திரமாக இருந்தது. கதவுக்கு மேல் சிவப்பு பல்பு எரிந்தது. நான் வெளியே ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

எலிசபெத் வணக்கம் சொன்னாள். ஒரு பாட்டு போட்டாள். நம்பரைச் சொன்னாள். யாரும் கூப்பிடவில்லை. காலனியில் முன்பு நடந்த கிறிஸ்துமஸ் கேக் சண்டையைச் சொன்னாள், மறுபடி நம்பரைச் சொன்னாள். ஸ்டுடியோக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ரஞ்சன் போனையே பார்த்துக்கொண்டு நகத்தைக் கடித்தான். நான் சொன்னதுதான் நடந்தது. நடந்ததில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. மூன்றாவது தடவை நம்பர் சொல்லும்போது தப்பாகச் சொல்லித் திருத்தினாள்.

அப்போது அடித்தது விசில்.

சின்ன விசில் இல்லை. இன்ஜின் புறப்படுகிற மாதிரி ஒன்று. நான் பையைத் தொட்டுப் பார்த்தேன். வெயிட் இருந்தது. எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். வெயிட்டேதான். மேலே இன்னொரு விசில்.

ரஞ்சன் தலையில் கைவைத்துக்கொண்டான். உள்ளே எலிசபெத் பேச்சை நிறுத்திவிட்டாள். போச்சு, அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் சிரித்தாள்.

"நேயர்களே, இது எங்க மாடிவீட்டு ரமணி மாமியோட குக்கர். மூணு வருஷமா இத உங்க காதுல விழாம மறச்சு வச்சிருந்தோம். இன்னிக்கு அவங்களும் லைவ்ல வந்துட்டாங்க."

போன் அடித்தது. ரஞ்சன் பாய்ந்து எடுத்து உள்ளே கொடுத்தான்.

"ஹலோ, நான் மௌலாலிலேர்ந்து கனகம் பேசறேன். அது உங்க குக்கரா? எங்க வீட்டுதுன்னு ஓடிப்போய் அடுப்ப அணைச்சுட்டேனே! இப்ப எங்க வீட்டு அரிசி அரைவேக்காடு. யாரு பதில் சொல்றது?"

"மன்னிச்சுக்குங்கக்கா. திரும்ப அடுப்ப பத்தவைங்க, நான் லைன்லயே இருக்கேன்."

அதை வைப்பதற்குள் அடுத்தது. இன்னொரு வீட்டிலும் அடுப்பை அணைத்திருக்கிறார்கள். ஒரு அம்மாள் அது பருப்பு விசில் என்றார்கள். அவர் வீட்டுக்காரர் பின்னாலிருந்து உருளைக்கிழங்கு என்று கத்தினார். ரெண்டு பேருக்கும் ரேடியோவிலேயே சண்டை. போவன்பள்ளி மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிற திருநாவுக்கரசு என்று ஒருத்தர் பேசினார். லாரி மேல் ரேடியோ வைத்திருக்கிறாராம், தக்காளிக்கு நடுவில் குக்கர் சத்தம் வந்ததும் எல்லோரும் லாரிக்கு அடியில் குனிந்து தேடினார்களாம்.

இதற்குள் மாமி கரண்டியோடு இறங்கி வந்துவிட்டார்கள்.

"இது எப்படிம்மா அடிச்சுது?" என்று வெயிட்டைக் காட்டினேன்.

"நீர் ஒண்ணை எடுத்துண்டு போனா நான் வேறொண்ணு வாங்க மாட்டேனா? எங்காத்துக்காரருக்கு சர்க்கரை. உம்ம ரேடியோ முடியறவரைக்கும் பசி தாங்குவாரா?"

எலிசபெத் கதவைத் திறந்து மாமியை மைக்குக்கு முன்னால் இழுத்துக்கொண்டு போனாள். "மாமி, என்ன சமையல்? போவன்பள்ளி வரைக்கும் கேக்கறாங்க."

"யாரு, என்னையா?" மாமி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்கள், ரேடியோவில் தெரியும் என்கிற மாதிரி. "சாம்பார்தான். முருங்கைக்காய் விக்கற விலையில அது இல்லாத சாம்பார். அதுக்குப் போய் இத்தனை போனா?"

நேரம் முடிந்தும் போன் அடித்துக்கொண்டிருந்தது. ரஞ்சன் எலிசபெத்தின் கையைப் பிடித்துக் குலுக்கி, "ஹவ்க்கா, ஹவ்! அடுத்த வாரமும் லைவ்!" என்று கத்தினான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "செவுரு பேசுச்சே அங்கிள், கேட்டீங்களா?"

"போன்ல யார் வேணா பேசுவான்" என்றேன். "ரஞ்சன் சொந்தக்காரனுங்களா கூட இருக்கும்."

சாயங்காலம் கேட்டில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. முண்டாசு கட்டின ஆள். முன்னால் ஒரு பெரிய கட்டு முருங்கைக்காய், ஹாண்டிலுக்கு ரெண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு.

"பெரியவரே, குக்கர் மாமி வீடு எது?"

"நீ யாருப்பா?"

"திருநாவுக்கரசு. காலைல போன்ல பேசுனனே. பாவம், முருங்கக்கா இல்லாத சாம்பாரு துண்றாங்க."

நான் ஒரு காயை உருவி ஒடித்துப் பார்த்தேன். பச்சென்று இருந்தது. போவன்பள்ளியிலிருந்து இத்தனை தூரம் ரஞ்சனுக்காக எவனும் முருங்கைக்காய் சுமந்துகொண்டு வரமாட்டான். எலிசபெத்துக்கு நானே போன் போட்டேன். "உன் செவுரு வந்துகீது. சீக்கிரம் வா."

இப்போது என் வேலை தலைகீழ், விசில் கேட்காவிட்டால் நேயர்கள் விடுவதில்லை. சனிக்கிழமை பத்தே முக்காலுக்கு மாடியேறி, குக்கர் அடுப்பில் ஏறிவிட்டதா என்று பார்க்க வேண்டும். எந்தச் சனிக்கிழமையும் தப்பவில்லை, ஒரு ஏகாதசியைத் தவிர.

"இன்னிக்கு அடுப்பே கிடையாது" என்றார்கள் மாமி. கீழே சிவப்பு பல்பு எரியப்போகிறது. கெஞ்சிக் கூத்தாடி, குக்கரில் வெறும் தண்ணீரை ஊற்றி, என் பையிலிருந்த வெயிட்டை நானே போட்டேன். அழகாக அடித்தது. யாருக்குத் தெரியப்போகிறது என்று இறங்கி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

முதல் போன் மௌலாலி கனகம்.

"எலிசபெத், மாமிக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா? இன்னிக்கு உள்ள ஒண்ணுமே இல்லாத மாதிரி அடிக்குதே?"

எவனோ சொல்லிக்கொடுத்திருக்கிறான். எவன் என்றுதான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.